ரிப்போர்ட்டை முழுதாக வாசிப்போம்: சிறு குழந்தையும் ஆட்டிசம் கண்டறிதலும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இங்கே என்ன பேசுவது என்பதை அறக்கட்டளையினர் என் விருப்பத்துக்கே விட்டுவிட்டார்கள். குழந்தைகளின் வளர்ச்சியைக் கவனிக்கும் மருத்துவத் துறையைச் சேர்ந்தவர் என்ற முறையில், இரண்டு மூன்று வயதுக் குழந்தைக்கு ஆட்டிசம் இருக்கிறது என்று எழுதித் தரப்படும் அறிக்கையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஏப்ரல் 2-ஆம் தேதியை உலக ஆட்டிசம் விழிப்புணர்வு நாளாக ஐ.நா. பொதுச்சபை 2007-இல் அறிவித்தது. அதன் பிறகு ஆட்டிசம் என்ற பெயரைக் கேள்விப்படாதவர்கள் நகரங்களில் குறைவு. பெயர் தெரிந்த அளவுக்கு, அந்தப் பெயர் ஒரு குழந்தையின் அறிக்கையில் வரும்போது என்ன பொருள் தருகிறது என்பது தெரியவில்லை.

அறிக்கை பெரும்பாலும் நான்கைந்து பக்கம் இருக்கும். அதுவும் ஆங்கிலத்தில் இருக்கும். பெற்றோரின் கண் ஒரே ஒரு வரியில் போய் நிற்கும். 'ஆட்டிசம் ஸ்பெக்ட்ரம் டிஸார்டர்' என்று அங்கே எழுதியிருக்கும். அதைப் படித்ததும் தாள் மடிந்து பைக்குள் போய்விடும். ஜாதகத்தில் செவ்வாய் தோஷம் என்று ஒருவர் சொல்லிவிட்டால் மற்றக் கட்டங்களை வீட்டார் பார்ப்பதே இல்லை; அப்படித்தான் இந்த அறிக்கையும் வாசிக்கப்படுகிறது. குழந்தைக்கு உதவக்கூடிய செய்தியெல்லாம் யாரும் படிக்காத அந்த மற்றப் பக்கங்களில் இருக்கிறது. அறிக்கையை முழுதாக வாசிக்க வேண்டும், வாசிக்கும்படி எழுத வேண்டும்: இன்று நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

டொனால்டும் டாக்டர் கானரும்

இந்த வரலாறு ஒரு தகப்பனாரின் கடிதத்தில் தொடங்குகிறது. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ஃபாரஸ்ட் என்ற சிற்றூர். அங்கே 1933-இல் பிறந்த டொனால்ட் டிரிப்லெட் என்ற குழந்தையைப் பற்றி, வழக்கறிஞரான அவன் தந்தை 33 பக்கக் கடிதம் ஒன்றைத் தட்டச்சு செய்து, பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் இருந்த லியோ கானருக்கு அனுப்பினார். 1938-இல் கானர் அந்தச் சிறுவனைப் பார்த்தார். 1943-இல் 11 குழந்தைகளைப் பற்றி அவர் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் முதல் குழந்தை டொனால்ட்தான். இதற்கு முன்பே, 1920-களின் நடுவில், க்ரூன்யா சுகரேவா என்ற சோவியத் பெண் மருத்துவர் ஆறு சிறுவர்களிடம் இதே இயல்புகளைப் பதிவு செய்திருந்தார். அவர் பெயர் பல ஆண்டுகள் வெளியே தெரியாமல் போயிற்று.

கானரின் கட்டுரையில் ஒரு சிறு விவரம் உண்டு. தோளில் தூக்கிக்கொள்ள வேண்டுமென்றால் 'ஆமாம்' என்று சொல்ல வேண்டும் என டொனால்டுக்கு அவன் தந்தை கற்றுக்கொடுத்தார். அவனும் கற்றுக்கொண்டான். ஆனால் அதன் பிறகு 'ஆமாம்' என்றால் அவனுக்குத் 'தோளில் தூக்கு' என்று மட்டுமே பொருள். அந்தச் சொல்லை அந்த ஒரு சந்தர்ப்பத்திலிருந்து கழற்றி எடுக்கப் பல மாதங்கள் ஆயின. எதற்கும் சம்மதம் சொல்லப் பயன்படுத்த அதைவிட நெடுங்காலம் ஆயிற்று. ஆட்டிசம் உள்ள குழந்தை மொழியை எப்படிப் பிடித்துக்கொள்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணத்தை நான் படித்ததில்லை.

அடுத்த முப்பது ஆண்டுகள் இத்துறையின் இருண்ட காலம். பெற்றோரிடம், முக்கியமாகத் தாயிடம், பாசம் வற்றிப்போனதால்தான் குழந்தை இப்படி ஆகிறது என்ற கருத்து பரவியது. கானரும் அதற்கு இடம் கொடுத்தார். புரூனோ பெட்டல்ஹைம் 1967-இல் வெளியிட்ட நூல் அதை உலகமெங்கும் கொண்டுபோயிற்று. தாய்மார்கள் குழந்தையின் துயரத்தோடு இந்தப் பழியையும் சுமந்தார்கள். எதிர்த்து நின்றவர்களில் முக்கியமானவர் பெர்னார்ட் ரிம்லாண்ட். ஆட்டிசம் உள்ள மகனின் தந்தையான அவர் 1964-இலேயே இது மூளை வளர்ச்சியோடு தொடர்புடையது என்று விரிவாக எழுதினார். 1969-இல் பெற்றோர் சங்கக் கூட்டத்தில் கானரே பெற்றோரைக் குற்றத்திலிருந்து விடுவித்துப் பேசினார். 1977-இல் சூசன் ஃபோல்ஸ்டைனும் மைக்கேல் ரட்டரும் 21 இரட்டையர் ஜோடிகளை ஆராய்ந்து, இதில் மரபணுவின் பங்கு பெரிது என்று காட்டினார்கள். 

கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். நம் ஊரில் இன்னும் முடியவில்லை. "நீ வேலைக்குப் போனதால்தான்", "மாசமா இருக்கும்போது நீ அழுதுகொண்டே இருந்தாய்", "பிள்ளையிடம் பேசாமல் போனைக் கொடுத்துவிட்டாய்" என்று இன்றும் தாய்மார்களிடம் சொல்லப்படுகிறது. போனை அதிகம் பார்ப்பது நல்லதல்ல. முகம் பார்த்துப் பேசிப் பழக வேண்டிய நேரத்தை அது தின்றுவிடும். அதைக் குறைத்தே ஆக வேண்டும். ஆனால் தாய் போன் கொடுத்ததால் ஆட்டிசம் வந்தது என்று தீர்ப்புச் சொல்ல எவருக்கும் ஆதாரம் இல்லை.

ஒரே பெயரின் கீழ் எத்தனை குழந்தைகள்

லண்டனில் லோர்னா விங், ஜூடித் கோல்ட் இருவரும் கேம்பர்வெல் பகுதிக் குழந்தைகளை ஆராய்ந்து 1979-இல் எழுதியதிலிருந்துதான் ஸ்பெக்ட்ரம் என்ற பார்வை வலுப்பெற்றது. லோர்னா விங்கும் ஆட்டிசம் உள்ள ஒரு மகளின் தாய். கானர் சொன்ன அடையாளங்களுக்குள் அப்படியே அடங்கும் குழந்தைகள் சிலர்தான். அதே இயல்புகளை வேறு வேறு கலவையில், வேறு வேறு அளவில் கொண்டவர்கள் பலர் என்று அவர்கள் கண்டார்கள். 2013-இல் வந்த டிஎஸ்எம்-5 என்ற அமெரிக்க மனநல வகைப்பாட்டு நூல், ஆஸ்பெர்ஜர், பிடிடி-என்ஓஎஸ் போன்ற தனிப் பெயர்களையெல்லாம் ஒரே பெயரின் கீழ்க் கொண்டுவந்தது. பழைய ரிப்போர்ட்டில் ஒரு பெயர், புதிய ரிப்போர்ட்டில் வேறு பெயர் என்று குழம்பும் குடும்பங்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

இந்த வகைப்பாட்டில் இரண்டு பகுதிகள். முதலாவது, பிறரோடு கலந்து பழகுவதும் கருத்தைப் பரிமாறிக்கொள்வதும். இதில் மூன்று அம்சங்கள். மூன்றிலும் சிரமம் இருக்க வேண்டும். இரண்டாவது, திரும்பத் திரும்பச் செய்யும் செயல்கள், மாறாத வழக்கங்கள், ஒன்றிலேயே ஆழ்ந்துபோகும் ஈடுபாடு, ஒலி ஒளி தொடுகை போன்றவற்றில் அதீதமான அல்லது மிகக் குறைவான உணர்வு. இந்த நான்கில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். சிறு வயதிலேயே தொடங்கியிருக்க வேண்டும். அன்றாட வாழ்க்கையைப் பாதிக்க வேண்டும்.

நம் வீடுகளில் இது எப்படித் தெரியும்? பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத குழந்தை, அடுத்த அறையில் பிஸ்கட் பாக்கெட் பிரிக்கும் சத்தத்துக்கு ஓடிவருவான். யூடியூப் பார்த்து ஏ முதல் இஸட் வரை சொல்வான், ஒன்று முதல் நூறு வரை ஆங்கிலத்தில் எண்ணுவான். பசிக்கிறது என்று சொல்ல வராது, அம்மா என்று கூப்பிட மாட்டான். "உனக்குத் தண்ணி வேணுமா?" என்று அவனே கேட்பான்; எனக்குத் தண்ணீர் வேண்டும் என்பதற்கு அவன் கேட்டுப் பழகிய வாக்கியம் அதுதான். பொம்மைக் காரை ஓட்டாமல் கவிழ்த்துப்போட்டுச் சக்கரத்தைச் சுற்றுவான். மிக்ஸி ஓடினால் காதைப் பொத்திக்கொள்வான். முடி வெட்டப்போனால் கடையே அதிரும்படி அழுவான். வழக்கமான தெருவை விட்டு வேறு தெரு வழியாகப் போனால் வண்டியில் நிற்காத அழுகை.

இவற்றில் ஒன்று மட்டும் இருந்தால் ஆட்டிசம் ஆகிவிடாது. காதைப் பொத்திக்கொள்ளும் குழந்தைகள் எல்லா வீட்டிலும் உண்டு. பல இயல்புகள் சேர்ந்து, பல இடங்களில், தொடர்ந்து தெரிகின்றனவா என்பதே கேள்வி.

அறைக்குள் என்ன நடக்கிறது

ஆட்டிசத்தைக் காட்டும் ரத்தப் பரிசோதனை கிடையாது. ஸ்கேன் கிடையாது. வலிப்பு, பழகிய திறன்களை இழத்தல் போன்ற காரணங்கள் இருந்தால் இஇஜி, எம்ஆர்ஐ தேவைப்படலாம். எல்லாக் குழந்தைகளுக்கும் அவை தேவையில்லை. கட்டாயம் வேண்டியது காது கேட்கிறதா என்ற பரிசோதனை. பெரா டெஸ்ட் என்று நம் பெற்றோர்கள் சொல்வது அதில் ஒன்று. மரபணுப் பரிசோதனை சிலருக்குக் காரணத்தைச் சொல்லும். அடுத்த குழந்தையைப் பற்றி முடிவெடுக்க உதவும்.

மற்றதெல்லாம் பார்த்தும் கேட்டும் அறிவதுதான். 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கு எம்-சாட் என்ற 20 கேள்விகள் கொண்ட படிவம் இருக்கிறது. அது வடிகட்டும் கருவி; அதில் மதிப்பெண் கூடுதலாக வந்தால் அடுத்த கட்டப் பரிசோதனை வேண்டும் என்றுதான் பொருள். போனில் அந்தப் படிவத்தை நிரப்பிவிட்டு இரவெல்லாம் தூங்காமல் இருக்கும் பெற்றோர் இதை நினைவில் வைக்க வேண்டும். அதன் பிறகு வருவது நேரடிக் கணிப்பு. இந்தியாவில் சான்றிதழுக்குப் பயன்படும் இசா அளவுகோலில் 40 கேள்விகள், ஆறு பிரிவுகள். மொத்த மதிப்பெண் 70-க்குக் கீழே இருந்தால் ஆட்டிசம் இல்லை. 70 முதல் 106 வரை லேசானது, 107 முதல் 153 வரை நடுத்தரம், அதற்கு மேல் தீவிரம்.

எண்ணைவிட முக்கியமானது கவனிப்பு. இறுக்கி மூடிய டப்பாவில் குழந்தைக்குப் பிடித்த ஒன்றைப் போட்டு அவன் முன்னால் வைக்கிறோம். ஒரு குழந்தை திறக்கப் பார்க்கிறான், முடியவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்க்கிறான், டப்பாவைப் பார்க்கிறான், மறுபடி முகத்தைப் பார்த்து 'ம்ம்' என்று நீட்டுகிறான். பேச்சே வராத குழந்தையானாலும் அவன் முழுதாகப் பேசிவிட்டான். இன்னொரு குழந்தை அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, அவள் கையை மூடியின்மேல் வைக்கிறான். அவன் கண் மூடியை விட்டு நகரவில்லை. இவனுக்கும் தேவை தெரிகிறது. யாரால் திறக்க முடியும் என்றும் தெரிகிறது. அம்மாவின் முகத்தின் வழியாகவும் கேட்கலாம் என்பது மட்டும் இன்னும் பிடிபடவில்லை.

அடுத்து சோப்புக் குமிழி ஊதுகிறோம். குமிழி உடைந்ததும் திரும்பி, 'பார்த்தாயா' என்பதுபோல் அம்மாவைப் பார்க்கிறானா? ஜன்னலில் காக்கா வந்து உட்கார்ந்தால் விரல் நீட்டிக் காட்டுகிறானா? வேண்டியதைக் கேட்க விரல் நீட்டுவது ஒன்று. தான் கண்டதை இன்னொருவரும் காண வேண்டும் என்று விரல் நீட்டுவது மற்றொன்று. இரண்டாவதைத்தான் நாங்கள் மிகவும் கவனிக்கிறோம். வெறும் பேச்சுத் தாமதம் உள்ள குழந்தையிடம் பெரும்பாலும் இது இருக்கும்.

பத்து நிமிடத்தில், குழந்தை அழுதுகொண்டிருக்கும்போது, இதையெல்லாம் கண்டறிய முடியாது. பெற்றோர் வீட்டில் எடுத்த வீடியோக்கள் உதவும். அங்கன்வாடி ஆசிரியை சொல்வது உதவும். பெண் குழந்தைகளைக் கூடுதல் பொறுமையோடு பார்க்க வேண்டும். பெண்ணுக்கு நான்கு ஆண் என்ற கணக்கு நெடுங்காலமாகச் சொல்லப்படுகிறது. அதில் ஒரு பகுதி, பெண் குழந்தைகளிடம் நாம் காணத் தவறுவதால் வந்தது. மற்றப் பிள்ளைகளைப் பார்த்து அப்படியே செய்யப் பழகிக்கொள்ளும் சிறுமியை 'அமைதியான பொண்ணு' என்று மெச்சிவிட்டு நம் வீடுகள் நகர்ந்துவிடுகின்றன.

வரி வரியாக

இப்போது அறிக்கையை விரித்து வைப்போம்.

முதல் வரி 'லெவல்'. 1, 2, 3 என்று இருக்கும். குழந்தைக்கு இன்றைக்கு எவ்வளவு துணை தேவை என்பதை அந்த எண் சொல்கிறது: துணை, கணிசமான துணை, மிகக் கணிசமான துணை. பழகும் திறனுக்கு ஓர் எண்ணும், திரும்பத் திரும்பச் செய்யும் இயல்புகளுக்குத் தனி எண்ணும் தர வேண்டும் என்பதே விதி. பெரும்பாலான அறிக்கைகளில் ஒரே எண்தான் இருக்கும். இரண்டையும் கேட்டு வாங்குங்கள். இந்த எண் அறிவுத்திறனின் அளவு அல்ல. வயதோடும் சூழலோடும் பயிற்சியோடும் அது மாறும்.

இரண்டாவது வரி மொழி. குழந்தை எவ்வளவு பேசுகிறான் என்பதோடு, எவ்வளவு புரிந்துகொள்கிறான் என்பதும் தனியே எழுதப்பட்டிருக்க வேண்டும். பேசாத குழந்தை புரிந்துகொள்ளாதவன் என்று கருதி அவன் எதிரிலேயே அவனைப் பற்றிப் பேசுவது நம் வீடுகளில் சாதாரணம். அதை இன்றோடு நிறுத்த வேண்டும். ஒப்பிப்பதைப் பேச்சாக எண்ணி மகிழ்ந்துவிடுவதும் சரியல்ல. நூறு வரை எண்ணுபவனுக்கு, 'வேண்டாம்' என்று சொல்லக் கற்றுக்கொடுப்பது அதைவிட அவசரம்.

மூன்றாவது வரி அறிவுத்திறன். 2020-ஆம் ஆண்டுக்கான அமெரிக்கக் கண்காணிப்பில் 8 வயதுக் குழந்தைகளில் 36-இல் ஒருவருக்கு ஆட்டிசம் இருந்தது. அறிவுத்திறன் பற்றிய தகவல் கிடைத்தவர்களில் அறிவுவளர்ச்சிக் குறைபாடும் சேர்ந்திருந்தவர்கள் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். மற்றவர்களுக்கு இல்லை. ஐந்து வயதுக்குள் அறிவுத்திறனை உறுதியாக அளப்பது கடினம். அதனால்தான் அந்த வயதில் 'குளோபல் டெவலப்மென்டல் டிலே' என்று எழுதுகிறார்கள். நம் ஊர் அறிக்கைகளில் 'எஸ்க்யூ' என்று ஓர் எண் வரும். வைன்லாண்ட் சமூக முதிர்ச்சி அளவுகோலிலிருந்து வருவது அது. தானே சாப்பிடுவது, உடுத்துவது, கழிப்பறைப் பழக்கம் போன்ற அன்றாடத் திறன்களின் கணக்கு. அதை ஐக்யூ என்று நினைத்து மனம் உடையும் பெற்றோர் ஏராளம். ஊட்டிவிட்டே வளர்த்த பிள்ளைக்கு அந்த எண் குறைந்துதான் வரும். தட்டில் இட்லியைப் பிட்டுப் போட்டு அவன் கையாலேயே சாப்பிடப் பழக்கினால் அந்த எண் உயரத் தொடங்கும்.

நான்காவது வரி உடன் இருப்பவை. தூக்கமின்மை, மலச்சிக்கல், வலிப்பு, குறிப்பிட்ட சில உணவுகளை மட்டுமே உண்பது, அளவுமீறிய துறுதுறுப்பு. 'ஆட்டிசம்னா அப்படித்தான்' என்று இவற்றை ஒதுக்கிவிடக் கூடாது. பலவற்றுக்கு நேரடி வைத்தியம் உண்டு. இரவில் தூங்காத குழந்தை பகலில் எதையும் கற்காது. தூங்காத தாய் எதையும் கற்பிக்க முடியாது.

ஐந்தாவது, பெரும்பாலான அறிக்கைகளில் விடுபட்டுப்போகும் வரி. குழந்தைக்கு என்ன பிடிக்கும்? எதில் அவன் கெட்டிக்காரன்? இது ஆறுதலுக்காக எழுதும் வரி என்று எண்ணாதீர்கள். கற்பித்தல் அங்கிருந்துதான் தொடங்கும்.

எதிர்காலம் பற்றிய கேள்வி

"பேசுவானா டாக்டர்? ஸ்கூலுக்குப் போவானா? எங்களுக்குப் பிறகு என்ன ஆவான்?" இந்த மூன்று கேள்விக்கும் இரண்டரை வயதில் எழுதிய அறிக்கை பதில் தராது.

அறிந்ததைச் சொல்கிறேன். அனுபவமுள்ளவர்கள் முறையாகக் கண்டறிந்தால், இரண்டு மூன்று வயதில் சொன்ன ஆட்டிசம் பெரும்பாலும் பின்னாளிலும் நிலைக்கிறது. சில குழந்தைகள் வளர்ந்து அந்த வரையறைக்குள் வராமல் போவதும் உண்டு. ஆட்டிசம் இருக்கிறதா என்பது பெரிதும் மாறாவிட்டாலும், அந்தக் குழந்தை என்னவெல்லாம் செய்வான் என்பது மிகவும் மாறுகிறது. நான்கு வயதில் கடுமையான பேச்சுத் தாமதம் இருந்த 535 ஆட்டிசக் குழந்தைகளைப் பற்றி 2013-இல் பீடியாட்ரிக்ஸ் இதழில் ஆய்வு ஒன்று வந்தது. எட்டு வயதும் அதற்கு மேலும் ஆனபோது அவர்களில் 70 விழுக்காட்டினர் சொற்களைச் சேர்த்துப் பேசினார்கள். 47 விழுக்காட்டினர் சரளமாகப் பேசினார்கள். ஐந்து வயதுக்குள் பேசாவிட்டால் அவ்வளவுதான் என்று சொல்பவர்களுக்கு இதைக் காட்டுங்கள். மீதமுள்ள 30 விழுக்காட்டினரையும் மறந்துவிடக் கூடாது. படம் காட்டியும், சைகையாலும், டேப்லெட் வழியாகவும் தன் மனத்தைச் சொல்லும் உரிமை அவர்களுக்கு உண்டு. படம் காட்டிப் பழக்கினால் பேச்சு வராமல் போகும் என்ற அச்சத்துக்கு ஆதாரம் இல்லை.

டொனால்டுக்கு என்ன ஆயிற்று? மூன்று வயதில் மருத்துவரின் பேச்சைக் கேட்டு அவனை ஒரு விடுதியில் விட்ட பெற்றோர், ஏறக்குறைய ஓராண்டில் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். பிறகு ஊருக்கு அருகே ஒரு விவசாயத் தம்பதியிடம் சில ஆண்டுகள் வளர்ந்தான். 1945-இல் கானர் அங்கே போய்ப் பார்த்து எழுதியிருக்கிறார். எதையும் அளந்துகொண்டே இருப்பது டொனால்டின் பழக்கம். கிணறு ஒன்றைத் தோண்டி ஆழத்தைச் சொல்லும் வேலையை அவர்கள் கொடுத்தார்கள். சோள வரிசைகளை ஓயாமல் எண்ணுவான். உழுதுகொண்டே எண்ணு என்று ஏரைக் கையில் கொடுத்தார்கள். கானர் கண்ணெதிரில் அவன் குதிரையையும் கலப்பையையும் திறமையாக நடத்திக்காட்டினான். அந்தத் தம்பதி எண்ணுவதைத் தடுக்கவில்லை. எண்ணுவதற்கு ஒரு வேலையைச் சேர்த்துக் கொடுத்தார்கள். டொனால்ட் பின்னாளில் கல்லூரியில் பட்டம் பெற்று, சொந்த ஊர் வங்கியில் வேலை பார்த்து, கார் ஓட்டி, கோல்ஃப் ஆடி, பல நாடுகளைத் தனியே சுற்றிப் பார்த்து, 2023-இல் 89 வயதில் காலமானார். எல்லாக் குழந்தைகளும் டொனால்ட் ஆக மாட்டார்கள். அவருக்கு வசதியான குடும்பமும், அவர் இயல்பை ஏற்றுக்கொண்ட ஊரும் வாய்த்தன. வசதியை எல்லாருக்கும் தர நம்மால் முடியாது. ஏற்றுக்கொள்ளும் ஊராக இருப்பது நம் கையில்தான் இருக்கிறது.

மறுநாள் காலை முதல்

கண்டறிதல் முடிவாகும்வரை காத்திருக்க வேண்டாம். சந்தேகம் வந்த நாளிலேயே குழந்தையோடு செய்யும் பயிற்சியைத் தொடங்கலாம்; ஆட்டிசம் இல்லை என்று பின்னர் தெரிந்தாலும் அதனால் நட்டம் எதுவும் இல்லை.

பயிற்சி என்றதும் மாதம் பல்லாயிரம் செலவாகும் தெரப்பி சென்டர்தான் நினைவுக்கு வருகிறது. நல்ல ஸ்பீச் தெரப்பியும் ஆக்குபேஷனல் தெரப்பியும் தேவைதான். ஆனால் வாரத்தில் சில மணி நேரம் மட்டுமே தெரப்பிஸ்ட் உடன் இருப்பார். மற்ற நேரமெல்லாம் குழந்தை வீட்டில்தான். 2016-இல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் வந்த ஆய்வு ஒன்று கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் நடந்தது. 2 முதல் 9 வயது வரையான 65 குழந்தைகள். பயிற்சி கொடுத்தவர்கள் நிபுணர்கள் அல்லர், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள். பெற்றோரும் குழந்தையும் விளையாடுவதை வீடியோ எடுத்து, சேர்ந்து பார்த்து, எந்த இடத்தில் குழந்தை தொடர்புகொள்ள முயன்றான், பெற்றோர் எப்படிப் பதில் கொடுத்தால் அது வளரும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். பெற்றோர் குழந்தையின் போக்கைப் பின்பற்றிப் பதில் தருவது கூடியது. குழந்தைகள் தாமாகத் தொடர்புகொள்வதும் கூடியது. ஏழை நாடுகளால் முடியாது என்ற சாக்கை இந்த ஆய்வு நம்மிடமிருந்து எடுத்துவிட்டது.

வீட்டில் செய்வதும் இதுதான். குழந்தையின் கண்மட்டத்துக்கு இறங்கி உட்காருங்கள். அவன் எதைப் பார்க்கிறானோ அதைப் பற்றிப் பேசுங்கள். நீளமாகப் பேசாமல் 'தண்ணி', 'தண்ணி ஊத்து' என்று சிறிதாகச் சொல்லுங்கள். சொன்ன பிறகு நிறுத்துங்கள். அவன் பதிலுக்குக் காத்திருங்கள். பார்வையோ கையசைவோ ஓர் ஒலியோ வந்தால் அதையே பேச்சாக ஏற்றுக்கொள்ளுங்கள். வீட்டில் பேசும் மொழியிலேயே பேசுங்கள். பள்ளிக்காக ஆங்கிலத்துக்கு மாறச் சொல்பவர்கள், தாய் மனம்விட்டுப் பேசும் மொழியைக் குழந்தையிடமிருந்து பிடுங்குகிறார்கள்.

குணமாக்குகிறோம் என்பவர்கள்

கலங்கியிருக்கும் பெற்றோரைத் தேடி விளம்பரங்கள் வருகின்றன. ஸ்டெம் செல் ஊசி, ஆக்சிஜன் அறை, உடலிலிருந்து உலோகம் நீக்கும் கீலேஷன், அற்புதச் சொட்டு மருந்துகள். இவை எதுவும் ஆட்டிசத்தைக் குணப்படுத்துவதாக நிறுவப்படவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டி நெறிகள், ரத்தம் சார்ந்த சில நோய்களைத் தவிர மற்றவற்றுக்கு ஸ்டெம் செல்லை முறைப்படி அனுமதி பெற்ற ஆய்வுக்கு வெளியே தரக் கூடாது என்கின்றன. கீலேஷன் 2005-இல் அமெரிக்காவில் ஒரு குழந்தையின் உயிரையே வாங்கியது. நிலத்தை அடகு வைத்து இவற்றுக்குப் பணம் கட்டிவிட்டு, பிறகு தெரப்பிக்குப் பணம் இல்லாமல் நிற்கும் குடும்பங்கள் இருக்கின்றன.

தடுப்பூசி பற்றியும் சொல்லியாக வேண்டும். தட்டம்மை உள்ளிட்டவற்றுக்கான தடுப்பூசியை ஆட்டிசத்தோடு தொடர்புபடுத்தி, 1998-இல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் 12 குழந்தைகளை வைத்து எழுதிய கட்டுரையை லான்செட் இதழ் 2010-இல் திரும்பப் பெற்றது; அவர் பெயரும் மருத்துவப் பதிவிலிருந்து நீக்கப்பட்டது. டென்மார்க்கில் 657,461 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2019-இல் வெளியான ஆய்வில் அந்தத் தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு காணப்படவில்லை. நம் அட்டவணையில் தட்டம்மைத் தடுப்பூசியின் இரண்டாம் தவணை 16 முதல் 24 மாதத்துக்குள் வருகிறது. ஆட்டிசத்தின் அடையாளங்கள் பெற்றோர் கண்ணுக்குத் தெரியத் தொடங்குவதும், சில குழந்தைகள் கற்ற சொற்களை இழப்பதும் அதே மாதங்களில்தான். இரண்டும் அடுத்தடுத்து நடப்பதால் ஒன்றால் மற்றொன்று வந்ததாகத் தோன்றுகிறது.

சட்டமும் பள்ளிக்கூடமும்

1995-இன் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஏழு குறைபாடுகளே இருந்தன, ஆட்டிசம் இல்லை. 1999-இன் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசத்தைச் சேர்த்தது. 2016-இன் சட்டம் 21 குறைபாடுகளை ஏற்றது; அதில் ஆட்டிசமும் ஒன்று. குறைபாடு 40 விழுக்காடோ அதற்கு மேலோ எனச் சான்றளிக்கப்பட்ட குழந்தைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை உண்டு. யுடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்குவதைச் சில குடும்பங்கள் தள்ளிப்போடுகின்றன, பெயர் வெளியே தெரிந்துவிடும் என்று. அட்டை இல்லாவிட்டால் நிரமயா மருத்துவக் காப்பீடு, தேர்வுச் சலுகை போன்றவை கைக்கு எட்டாமல் போகும். முதல் பரிசோதனைக்கு மாவட்ட அளவில் அரசின் தொடக்கநிலை இடையீட்டு மையம் இருக்கிறது. முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் கிராமங்களுக்குள் சென்று சிறு குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுத்து வருகிறது. சென்னைக்கு வந்தால்தான் வழி உண்டு என்ற நிலை மெல்ல மாறுகிறது. இன்னும் வேகமாக மாற வேண்டும்.

ஒரு பக்கம் தமிழில்

இந்த அவையின் முன் ஒரு வேண்டுகோள் வைத்து முடிக்கிறேன். ஆட்டிசம் பற்றிய ஒவ்வோர் அறிக்கையோடும் தமிழில் ஒரே ஒரு பக்கம் இணைக்கப்பட வேண்டும். கலைச்சொற்கள் நிறைந்த மொழிபெயர்ப்பு வேண்டாம். எட்டாம் வகுப்புப் படித்த தாய் வாசித்து மாமியாருக்கும் பால்வாடி ஆசிரியைக்கும் எடுத்துச் சொல்லும்படி இருக்க வேண்டும். அதில் ஆறு கேள்விக்குப் பதில் போதும். குழந்தைக்கு எதில் எவ்வளவு துணை தேவை? எவ்வளவு புரிகிறது, எப்படிச் சொல்கிறான்? உடன் உள்ள எந்தச் சிக்கலுக்கு இப்போதே வைத்தியம் பார்க்க வேண்டும்? எது பிடிக்கும், எதில் கெட்டிக்காரன்? அடுத்த மூன்று மாதத்துக்கு வீட்டில் செய்ய வேண்டியவை என்ன? மறுபடி எப்போது பார்த்து இந்தப் பக்கத்தைத் திருத்தி எழுதப்போகிறோம்?

மருத்துவ நண்பர்களே, இதை எழுத அரைமணி நேரம் கூடுதலாகும். கொடுங்கள். ஆசிரியர்களே, சேர்க்கைக்கு வரும்போது சான்றிதழின் விழுக்காட்டைக் கேட்பதற்கு முன்னால் இந்தப் பக்கத்தைக் கேளுங்கள். தாத்தா பாட்டிகளே, "அவன் அப்பனும் நாலு வயசுலதான் பேசினான்" என்று நாளைத் தள்ளாதீர்கள். மருமகளைக் குற்றம் சொல்வதற்குச் செலவாகும் நேரத்தில் பேரனோடு தரையில் உட்கார்ந்து குமிழி ஊதுங்கள். பெற்றோரே, அந்தப் பக்கத்தை யாரும் தராவிட்டால் கேட்டு வாங்குங்கள். ஆறு கேள்வியையும் எழுதிக்கொண்டு போய்க் கேளுங்கள். இந்த அறக்கட்டளை அத்தகைய மாதிரிப் பக்கம் ஒன்றைத் தயாரித்து, மாவட்ட மையங்களுக்கு எல்லாம் அச்சிட்டு அனுப்புமானால், இன்று நான் பேசியதைவிடப் பெரிய பயன் அதில் விளையும். அதைத் தயாரிக்கும் பணியில் என் பங்கை முழுமையாகத் தருகிறேன் என்று இந்த அவையில் உறுதி கூறி விடைபெறுகிறேன்.